வெண்கொக்கின் பரஸ்தானம்

ஜூலை 11, வியாழன்

வெண்கொக்கு சிங்கப்பூர் போகிறது. முதல் கண்டெய்னர்.

வெண்கொக்கு பியர் பாட்டில் லேபிளில் காய்ச்சியவன் பெயரைப் போடும் வழக்கம் கிடையாது. போடுவதாக இருந்தால் 'கலியபெருமாள், புதுச்சேரி' என்று போட வேண்டும். சேதராப்பட்டில் எங்கள் ஆலை தொடங்கிய நாள் முதல் கொதிகலனை மூட்டுவது நான்தான். தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். நாலே சாமான். அதை வைத்துக்கொண்டு எல்லோரும்தான் பியர் காய்ச்சுகிறார்கள். எல்லோரும்தான் சாம்பாரும் வைக்கிறார்கள்.

மதியம் மிருதுளா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய ஐயா காலமான பிறகு ஆலையை நடத்துவது மகள்தான். சின்ன வயதில் என் மேசைக்கடியில் ஒளிந்து விளையாடிய பிள்ளை. இப்போது நான் எழுந்து நிற்கிறேன்.

"மாஸ்டர், சிங்கப்பூர் ஏகாம்பரம் ஓகே சொல்லிட்டார். முதல் லோடு நல்லபடியா போனா மாசாமாசம் ஒரு கண்டெய்னர். பிடிக்கலைன்னா இதோட முடிஞ்சுது."

மாதம் ஒரு கண்டெய்னர் என்றால் பூட்டிக் கிடக்கும் இரண்டாவது லைன் மறுபடி ஓடும். வீட்டுக்கு அனுப்பிய ஆட்களைத் திரும்பக் கூப்பிடலாம். எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியிருக்காது.

"கப்பல் இருபதாம் தேதி" என்றார்.

"ஆடி நாலாச்சே மேடம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 13, சனி

இரண்டு நாளாக வாக்குவாதம். மேடம் கணினியைத் திருப்பிக் கப்பல் அட்டவணையைக் காட்டுகிறார். நான் பஞ்சாங்கத்தைக் காட்டுகிறேன். முதல் பயணம், அதுவும் கடல் பயணம், ஆடியில் யாராவது கிளம்புவார்களா? இத்தனை வருடத்தில் என் கையில் ஒரு காய்ச்சலும் கெட்டதில்லை என்றால் அதற்குக் கெட்டிக்காரத்தனம் மட்டுமா காரணம்? ராகு காலத்தில் கொதிகலனைத் தொட்டதே இல்லை. லோடிங் ஆட்களும் என் பக்கம்தான். மாஸ்டர் சொல்லாமல் லாரியைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் வழி சொன்னவனும் நானே. பரஸ்தானம். ஊருக்குப் போக நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை எடுத்து அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதே மாதிரி ஆனி முடிவதற்குள் சரக்கை ஏற்றி, சீல் வைத்து, ஷெட்டைவிட்டு நகர்த்திவிடுவோம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் வாசலைத் தாண்டட்டும்.

மேடம் கணினியைத் தம் பக்கமே திருப்பிக்கொண்டார். "அப்பா இருந்தா நீங்க சொன்னதைத்தான் கேட்டிருப்பார். சரி மாஸ்டர்" என்றார். நல்ல வளர்ப்பு.

வீட்டில் மனைவி அஞ்சலாட்சியிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பால்காரன் இன்னா ராகு காலம் பாத்தா பாலு ஊத்துறான்?" என்றாள்.

பாலும் பியரும் ஒன்றா? சம்பந்தி வீட்டில் என்னைக் 'கெமிக்கல் கம்பெனியில் இருக்கிறார்' என்று சொல்லி வைத்திருப்பவளுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தபோது சொன்ன பொய். பேரன் பிறந்துவிட்டான், இன்னும் கெமிக்கல்தான்.

ஜூலை 15, திங்கள்

காலை ஏழரைக்குள் பரஸ்தானம் முடிந்தது. கண்டெய்னருக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து லாரி நகர்ந்தபோது கைதட்டினார்கள். மரத்தடியில் இறக்கலாம் என்றான் வாட்ச்மேன் தேசிங்கு. காக்கை எச்சம் போடும், வேண்டாம் என்றேன். சிங்கப்பூர் எங்களுக்குத் தென்கிழக்கு. ஆகவே யார்டின் தென்கிழக்கு மூலையில், கதவு அந்தத் திசையைப் பார்க்கிற மாதிரி வைக்கச் சொன்னேன். அக்னி மூலை. ஒரு நிழல் கிடையாது, பளிச்சென்று இருக்கிறது. மெயின் ரோட்டில் போகிறவர்கள்கூடப் பார்க்கலாம்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்றுக் கப்பல் நம் கொக்கு இல்லாமலே போனது.

ஜூலை 27, சனி

வெயில் தாளவில்லை. ஆடி மாதிரியா இருக்கிறது? சித்திரை மாதிரி இருக்கிறது. கொதிகலன் அறையில் ஒருவன் மயங்கி விழுந்தான். மோர் கொடுத்து உட்கார வைத்தோம்.

அஞ்சலாட்சி மோர்மிளகாய் போட்டிருக்கிறாள். எங்களுடையது ஓட்டு வீடு, மாடி கிடையாது. வாசலில் காயப்போட்டால் ஆடு மேய்கிறது. தூக்கை ஆலைக்குக் கொண்டுபோய்த் தேசிங்கிடம் கொடுத்தேன். அவன் ஏணி வைத்துக் கண்டெய்னர் கூரையில் வேட்டியை விரித்துப் பரப்பிவிட்டான்.

ஜூலை 29, திங்கள்

அதிசயம்! நாலைந்து நாள் காய வேண்டிய மிளகாய் ஒரே வெயிலில் சருகாகிவிட்டது. ஏறும்போது தேசிங்குக்கு உள்ளங்கை சுட்டு, துணி சுற்றிக்கொண்டு ஏறினானாம். அஞ்சலாட்சிக்கு ஏக சந்தோஷம். அடுத்த தூக்கு தயார் செய்கிறாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கண்டெய்னருக்குத் தேசிங்கு கற்பூரம் காட்டினான். கொத்தவரங்காய் வற்றலும் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆவணி முதல் முகூர்த்தம். பூசணிக்காய் உடைத்து, வெண்கொக்கு வாசலைத் தாண்டியது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய ஐயா படத்துக்கு நான் ஒரு முழம் அதிகமாகவே பூ வாங்கிப் போட்டேன். காய்ச்சுவது ஒரு திறமை, அனுப்புவது இன்னொரு திறமை. இரண்டும் ஒரே ஆளுக்கு வாய்ப்பது அபூர்வம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி ஒன்று. கவுச்சி இல்லை. பியர் ருசி பார்ப்பது தொழில், விரதத்தில் சேராது.

சிங்கப்பூரிலிருந்து செய்தி. மேடம் படித்துக் காட்டினார். 'சரக்கு சரியில்லை. பழைய பேப்பர் நெடி. ஊரில் குடித்த கொக்கு இது இல்லை என்று வாடிக்கையாளர்கள் திருப்பித் தருகிறார்கள். விற்பனையை நிறுத்திவிட்டேன். ஏகாம்பரம்.'

ஒவ்வொரு காய்ச்சலிலும் சில பாட்டில்களை என் அறை ஃப்ரிட்ஜில் எடுத்து வைப்பது வழக்கம். சிங்கப்பூர் போன அதே காய்ச்சலில் ஒன்றை அப்போதே திறந்தேன். நுரை நின்றது. புது ரொட்டி வாசனை, நாக்கின் அடியில் சின்னக் கசப்பு, அடுத்த வாய் கேட்கிற கசப்பு. என் பியர் அப்படியே இருக்கிறது.

ஆக, தப்பு அங்கேதான். வெளிநாட்டில் போய்க் குடித்தால் ருசி மாறுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. வெளிச்சம் படும்படி வைத்திருப்பான், நமது பழுப்பு பாட்டில் என்பதால் அது அவ்வளவு பாதிக்காது. கிளாஸைச் சோப்பில் கழுவிச் சரியாக அலசாமல் விட்டிருப்பான். மீன் ஃப்ரிட்ஜில் வைத்திருப்பான். மரத்துப்போகிற குளிரில் கொடுப்பான். நாக்கு மரத்துவிட்டால் பியர் ஏது, பச்சைத்தண்ணீர் ஏது?

"நீங்களே நேர்ல போய்ப் பாருங்க மாஸ்டர்" என்றார் மேடம். "போறேன். போய் அந்த ஆளுக்குப் பியர் வைக்கக் கத்துக்கொடுத்துட்டு வரேன்" என்றேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பெட்டியில் என் ஃப்ரிட்ஜ் பாட்டில்கள் ஆறு, துணியில் சுற்றி. அஞ்சலாட்சி ஒரு பொட்டலம் மோர்மிளகாய் வைத்தாள். வெறுங்கையோடு போகக் கூடாதாம். சண்டைக்குப் போகிறவனுக்கு எதற்குச் சீர் என்றேன். "சண்டைக்குப் போனாலும் சாப்பாட்டு நேரம் வரும்ல" என்றாள்.

செப்டம்பர் 25, புதன், சிங்கப்பூர்

ஏகாம்பரத்துக்கு நாற்பது வயதிருக்கும். பிறந்து வளர்ந்தது இங்கேதான், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேக்கா என்ற தமிழர் வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், கூடவே இறக்குமதி. விமான நிலையத்துக்குத் தாமே காரெடுத்து வந்திருந்தார். அதனால் வழியிலேயே திட்ட முடியவில்லை.

கடையைச் சுற்றிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் பியரைத் தவிர வேறு எதுவும் இல்லை. கிளாஸை முகர்ந்தேன், சோப்பு வாசனை இல்லை. கோடவுனுக்குள் போனால் ஏசியில் எனக்கே தோள் சிலிர்த்தது. ஒரே ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். பியரில் ஐஸ்கட்டி போட்டுக் கொடுக்கிறார்கள்!

"இதான் காரணம்!" என்று கத்திவிட்டேன்.

"சார், இங்க எல்லா பியருக்கும் ஐஸ் போடுவோம் லா. மத்த பியர்ல பேப்பர் வாசம் வரலையே" என்றார்.

மாலையில் சுப்புராயன் என்று ஒருவர் வந்தார். கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறார். சொந்த ஊர் வில்லியனூர். நான் புதுச்சேரி என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு முதல் நாளே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாராம்.

"கெத்தா சொன்னேண்ணா, எங்க ஊரு சரக்குடா, குடிச்சுப் பாருங்கடான்னு. ஒரு வாய் வெச்சானுங்க. மூஞ்சப் பாத்தேன். எனக்கே அசிங்கமாப் பூட்டுது. இது நம்ம கொக்கு இல்லண்ணா. கொக்கு படம்தான் போட்டுக்கீது."

காய்ச்சியவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

என் வாழ்க்கையில் மறக்க முடியாத காலை. பிற்பகலைப் பற்றிப் பிறகு.

ஏகாம்பரம் மறைவாக ஆறு கிளாஸ் ஊற்றி வரிசையாக வைத்தார். மூன்று கண்டெய்னர் பியர், மூன்று என் பெட்டியில் வந்த பியர். ஒரே காய்ச்சல், ஒரே நாளில் அடைத்தது. கடைச் சமையல்காரர் உட்பட எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். நான் கிளாஸைக் கையால்கூடத் தொடவில்லை, குனிந்து முகர்ந்தேன். "இது என்னுது. இது இல்ல. இது இல்ல. இது என்னுது. இல்ல. என்னுது." ஆறும் சரி. சமையல்காரர் விசில் அடித்தார்.

அந்த மூன்று கிளாஸும் மோசம். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் நெடி. கசப்பு செத்துப்போய், அடியில் ஒரு அசட்டுத் தித்திப்பு. கிழட்டு பியர். பியர் ஒயின் மாதிரி இல்லை, வயதானால் மதிப்பு கூடாது. அடைத்த நாள்தான் அதற்கு இளமை. அப்புறம் காற்றும் சூடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். குளிரில் இருந்தால் மெதுவாகத் தின்னும். சூட்டில் இருந்தால் ஒரு வருடக் கிழட்டுத்தனத்தை ஒரு மாதத்தில் கொடுத்துவிடும். இதையெல்லாம் நான் அவர்களுக்கு விளக்கிச் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"அப்ப உங்க பியர் நல்ல பியர், சார். நான் ஒத்துக்கிறேன்" என்று ஏகாம்பரம் கை கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "எங்கயோ வெயில்ல கிடந்திருக்கு. கண்டுபிடிச்சிடலாம்" என்றேன்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. எனக்காகச் சைவம் சமைத்திருந்தார்கள். தயிர்சாதத்துக்கு அஞ்சலாட்சியின் மோர்மிளகாயை வறுத்து வைத்தார் அவர் மனைவி. ஏகாம்பரம் ஒன்றைக் கடித்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

"சூப்பர் லா. நாங்களும் போடுவோம், இப்படி மொறுமொறுன்னு வராது. இங்க காத்துல ஈரம். எங்க சார் காயவெச்சாங்க?"

நான் வாயைத் திறந்தேன்.

மாடியில் என்றேன்.

அதே நாள், இரவு

தூக்கம் வரவில்லை. சாயங்காலம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஏகாம்பரம் கணக்குப் போட்டார். "பாட்டில் கழுத்துல ஜூலைத் தேதி. கப்பல் ஒரு வாரம்தான். இங்க வந்ததும் நேரா ஏசி கோடவுன். நடுவுல அது எங்க இருந்துச்சு?" துறைமுகத்தில் தாமதமாகியிருக்கும் என்றேன். அவர் அங்கேயே மேடத்துக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

மேடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாங்கதான் லேட்டா அனுப்பினோம். ஆடி முடியட்டும்னு யார்டுல நிறுத்தி வெச்சோம். அது என் முடிவு சார். மாஸ்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார்.

முதலாளி பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை. அதனால் பேசவில்லை. அறையில் ஏசியும் அதிகம், தொண்டை கட்டியிருந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்று பேசிவிட்டேன்.

கணக்கை முடித்துக்கொள்வது பற்றி ஏகாம்பரம் காலையில் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போகிற போக்கில், "உங்கமேல தப்பு இல்ல சார். சின்னப் பொண்ணு, அப்பன் சொத்து கைக்கு வந்துருச்சு. பியரைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? பொம்பளப் பிள்ளைகிட்ட வியாபாரம் பேசினது என் தப்பு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. மேசையைத் தட்டினேன். கிளாஸ் கவிழ்ந்தது.

"நிறுத்துங்க. அந்தப் பொண்ணு ஜூலை இருபதுக்கே அனுப்பணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டுது. நிறுத்தினது நான். வெயில்ல வெச்சதும் நான். நிழல்ல வைக்கிறேன்னு சொன்னவனையும் வேணாம்னு சொன்னவன் நான். நேத்து நீங்க ருசிச்சுத் தின்னீங்களே மோர்மிளகாய், அது அந்தக் கண்டெய்னர் தலைமேல ஒரே நாள்ல காஞ்சது. உள்ள என் பியர் என்ன பாடு பட்டிருக்கும்னு கணக்குப் போட்டுக்குங்க."

ஏகாம்பரம் கவிழ்ந்த கிளாஸை நிமிர்த்தினார். "நேத்தே சொல்லியிருக்கலாமே சார். இன்னிக்கு ஏன் சொல்றீங்க?"

"என் பியரைப் பத்தி எது வேணா சொல்லுங்க, தாங்கிக்கறேன். அந்தப் பொண்ணைச் சொல்லாதீங்க. அது மட்டுமில்ல. அந்த பியர்ல நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும் என் கை. அதை இன்னொருத்தர் தலையில ஏத்துக்க விடமாட்டேன்."

பேசி முடித்ததும் உட்கார்ந்தேன். சமையல்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். ஐஸ் போட்டிருந்தது. குடித்தேன்.

ஏகாம்பரம் கோடவுன் வரை போய்விட்டு வந்தார். பிறகு, "நான் அப்படிச் சொன்னது தப்பு. முதலாளியம்மாகிட்ட சாரி கேட்டுக்கிறேன். இன்னும் ஒரே ஒரு கண்டெய்னர் சார். அதுவும் இப்படி வந்தா நீங்க டிக்கெட் போட்டு வரவேணாம்" என்றார்.

செப்டம்பர் 30, திங்கள்

மேடம் அறைக்குப் போனேன். ஏகாம்பரம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

"ஏன் மாஸ்டர் சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேனே. உங்க பேர் கெட வேணாம்னுதான்…"

"என் பேரைக் காப்பாத்த உனக்கு யார் சம்பளம் குடுக்குறா பாப்பா?" என்றேன். பல வருடம் கழித்துப் பாப்பா என்று வாயில் வந்துவிட்டது. இருவரும் சுவரைப் பார்த்தோம். பெரிய ஐயா படத்தில் பூ காய்ந்திருந்தது. புதுப் பூ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

அஞ்சலாட்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலம் எப்படி இருந்ததாம் என்று கேட்டாள். ரொம்பப் பிரமாதம் என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

சிங்கப்பூருக்கான காய்ச்சல். நல்ல நேரம் பார்த்துத்தான் கொதிகலனை மூட்டினேன். அதை விட மாட்டேன். பிள்ளை பெற நாள் பார்ப்பவன் பார்க்கட்டும். பிறந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க நாள் பார்க்க முடியுமா? இது நானே யோசித்தது. பால் என்ற சொல் மட்டும் அஞ்சலாட்சியுடையது.

நவம்பர் 9, சனி

டேங்கில் குளிர்ந்துகொண்டிருக்கிறது. இன்று ஒரு வாய் பார்த்தேன். இந்தக் கையால் இவ்வளவு நல்ல பியர் இதுவரை வந்ததில்லை. மிகையாக எழுதவில்லை.

நவம்பர் 23, சனி

தேய்பிறை அஷ்டமி. சனிக்கிழமை. ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். இதைவிடக் கேடான நேரத்தைப் பஞ்சாங்கத்தில் தேடினாலும் கிடைக்காது.

குளிர்சாதனக் கண்டெய்னரை மேடம் பிடித்துவிட்டார். அது கிடைக்கிற நாளும் கப்பல் கிளம்புகிற நாளும் இன்று ஒன்றில்தான் சேர்ந்தன. இருட்டோடு டேங்கிலிருந்து பாட்டிலில் அடைத்து, கெடாமலிருக்கச் சில நிமிடம் சூடு காட்டி உடனே குளிர்வித்து, சீல் வைக்கும்போது ஒன்பது தாண்டிவிட்டது. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது.

டிரைவர் இறங்கி நின்றுகொண்டான். ஆட்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

"மாஸ்டர், பத்தரைக்கு மேல கிளம்பட்டும். ஒரு மணி நேரம்தானே. இது குளிர்ப் பெட்டி, ஒண்ணும் ஆகாது" என்றார் மேடம் மெதுவாக. எனக்காகச் சொன்னார். அது எனக்குத் தெரியும்.

"வேணாம். அன்னிக்கும் கொஞ்ச நாள்தானேன்னுதான் ஆரம்பிச்சேன். மழையில ரோடு எப்படி இருக்கும்னு தெரியாது. துறைமுகத்துல கேட்டை மூடிட்டா அடுத்த கப்பல் வரைக்கும் நிக்கும்."

தேசிங்கு பூசணிக்காயோடு ஓடி வந்தான். "கொண்டுபோய்க் கூட்டு வைக்கச் சொல்லுடா" என்றேன்.

பயமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஐம்பத்தேழு வயதுவரை இந்த நேரத்தில் நான் ஒரு கடிதம்கூடத் தபாலில் போட்டதில்லை. லாரியைச் சுற்றிக்கொண்டு போய், முன்பக்கக் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"ஏறுப்பா. எது வந்தாலும் மொதல்ல என்மேல வரட்டும்."

டிரைவர் செருப்பைக் கழற்றி, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினான். வாசலைத் தாண்டும்போது பின்னால் யாரோ கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். மேடம், மழையில், தனியாக. அப்புறம் தேசிங்கு. அப்புறம் எல்லோரும்.

சென்னைத் துறைமுகம் வரை கூடவே போனேன். திண்டிவனத்தில் டீ குடிக்கக்கூட இறங்கவிடவில்லை என்று டிரைவருக்கு என்மேல் வருத்தம்.

டிசம்பர் 3, செவ்வாய்

கப்பல் சேர்ந்துவிட்டதாம். வேறு செய்தி இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

நெஞ்சுக்குள் ஏதோ துள்ளிக்கொண்டே இருக்கிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

பாகூரிலிருந்து சம்பந்தியம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அஞ்சலாட்சி அடுப்படியில். நான் கூடத்தில் தினசரி படித்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரத்திடமிருந்து வீடியோ அழைப்பு. எடுத்தால் அவர் முகம் இல்லை, தேக்கா கடை தெரிந்தது. மேசையில் ஒரு கிளாஸ், பக்கத்தில் சுப்புராயன். ஃபோன் பிடித்திருப்பதே அவருக்குத் தெரியாது.

கிளாஸை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். கீழே வைத்துவிட்டுக் கிளாஸையே பார்த்தார். மறுபடி எடுத்துப் பாதியை ஒரே மூச்சில் குடித்தார்.

"அண்ணே, இதுல ஐஸ் போட்றாத. இன்னா இது? நேத்து சேதராப்பட்டுல புடிச்சு இன்னிக்கு எறக்குன மாரி கீது! யார்ணா காச்சுனது இத?"

ஏகாம்பரம் ஃபோனைத் திருப்பி அவரிடம் காட்டினார். சுப்புராயன் என்னைப் பார்த்தார். அன்று தாம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசிய ஆளை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"யோவ் அண்ணா! நீயா? அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லலயே!"

"அன்னிக்குச் சொல்ற மாதிரி இல்லப்பா" என்றேன்.

"சார், அடுத்த மாசத்துக்கும் போட்டுடுங்க. அதுக்கடுத்த மாசமும். அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன்" என்று ஏகாம்பரத்தின் குரல் கேட்டது. பின்னாலேயே மேடத்திடமிருந்து ஒரு வரி: 'இரண்டாவது லைன் ஆட்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன் மாஸ்டர்.'

சத்தத்தில் சம்பந்தியம்மா கூடத்துக்கு வந்துவிட்டார். "இன்னா அண்ணி, பியருன்றாங்க, காச்சுறதுன்றாங்க? அண்ணன் கெமிக்கல் கம்பெனில்ல?"

நான் தினசரியை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன். அஞ்சலாட்சி கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். அவள் என்ன சொல்லிச் சமாளிப்பாள் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருடம் கேட்டதுதானே.

"கெமிக்கலும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணி. எங்க வூட்டுக்காரரு பியரு காச்சுறாரு. கொக்கு பியரு. சிங்கப்பூருல எழுந்து நின்னு குடிக்கிறாங்க."

தினசரியை இறக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. உள்ளே மோர்மிளகாய் தீய்ந்த நெடிதான் காரணம்.

சம்பந்தியம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "அய்ய, கொக்கா? எங்க வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதத்தான குடிக்கிறாரு! அண்ணனுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறாரு!"

அஞ்சலாட்சி சிரித்த சிரிப்பில் பேரன் பயந்து அழுதுவிட்டான்.

சிரிப்பு அடங்கியதும் சம்பந்தி அதை எங்கே ஒளித்து வைக்கிறார் என்று கேட்டேன். அடுப்பங்கரை பரணிலாம். அடுப்புக்கு நேர் மேலே! உடனே ஃபோன் போட்டுக் கொடுங்கள் என்றேன்.